பெயரைப் போடுங்கள், மின்னஞ்சலை ஏன் போடுகிறீர்கள்?

நான் ஒரு பாடசாலை ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வெளியேறிய காலத்தில் கணினியைத் தொட்டது மிகக் குறைவு. பிறகு சுயமாகப் பழகி, இன்று தரம் 10, 11 மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் கற்பிக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நான் செய்த ஒரு தவறு. அதன் விளைவை அனுபவித்தது நானல்ல, என்னை நம்பிய ஒரு சக ஆசிரியை.

கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, ஆசிரியர்கள் ஆறு பேர் சேர்ந்து செயலட்டைகள் தயாரித்தோம். வட்ஸ்அப் குழுக்களில் அவை ஊர் ஊராகப் போயின. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சில மாதங்களில் எங்களுடைய அதே செயலட்டைகள், பெயர் நீக்கப்பட்டு, வேறொரு டியூஷன் வகுப்பின் பெயரோடு போட்டோ கொப்பியாக விலைக்கு வந்தன. இலவசமாகக் கொடுத்ததைக் காசுக்கு விற்றது ஒரு பக்கம். "இத நாங்கதான் செஞ்ச என்டு காட்ட எங்களிட்ட என்ன இருக்கு சேர்?" என்று அந்த விஞ்ஞான ஆசிரியை கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

அப்போதுதான் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 2001 இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட அமைப்பு அது. முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வெளிவந்தன. படைத்தவர் தன் பதிப்புரிமையைக் கைவிடாமலே, "பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள், விற்காதீர்கள், மாற்றி எழுதினால் அதையும் இதே நிபந்தனையில் பகிருங்கள்" என்று முன்கூட்டியே அனுமதி கொடுக்கும் ஏற்பாடு. ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று இன்றும் சொல்வேன்.

அந்த உரிமம் மூன்று அடுக்குகளாக இருக்கிறது. சட்டத்தரணிகளுக்கான முழு வாசகம் ஒன்று. சாதாரண மனிதருக்கான சுருக்கம் ஒன்று. மூன்றாவது, கணினிகள் வாசிப்பதற்கானது: கோப்புக்குள்ளேயோ இணையப் பக்கத்தின் நிரலுக்குள்ளேயோ கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்படும் விபரம். இதைத்தான் மெட்டாடேட்டா, தமிழில் மீதரவு என்கிறார்கள். எவர் ஆக்கியது, எந்த உரிமம், மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். தாளின் அடியில் அச்சான பெயரை வெட்டினாலும் கோப்புக்குள் இருக்கும் விபரம் அநேகமாகத் தப்பிவிடும். எங்கள் பிரச்சினைக்கு இதுவே மருந்து என்று நினைத்தேன்.

பைதன் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, எங்கள் 40 செயலட்டைகளின் பீ.டி.எப் கோப்புகளுக்குள்ளும் உரிம விபரத்தைப் பதித்தேன். ஆக்கியவர் பெயர், உரிமத்தின் பெயர், கூடவே அனுமதி கேட்க வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொருவருடைய மின்னஞ்சல் முகவரி. அந்த ஆசிரியை செயலட்டை வேலைக்கென்றே புதிதாக ஒரு முகவரி திறந்து தந்திருந்தார். அதை அவர் வேறெங்கும் கொடுக்கவில்லை. எங்கள் இணையப் பக்கத்திலும் அது இல்லை. அங்கே குழுவின் பொது முகவரி ஒன்றுதான் இருந்தது, அதையும் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு மறைத்து வைத்திருந்தேன். அந்த மறைப்பு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் போகவில்லை. முதலில் விளம்பரங்கள் வந்தன. பிறகு அவருடைய அதிபரின் பெயரில், "கூட்டத்தில் இருக்கிறேன், அவசரமாக ரீலோட் காட் வாங்கி இலக்கங்களை அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல். அதை அவர் நம்பவில்லை. அதன் பின்னர் வந்ததுதான் மோசம். யாரோ ஒருவன் இரவு இரவாக எழுத ஆரம்பித்தான். அவர் பெயரும் பாடமும் பாடசாலையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "இந்த ஆளுக்கு என்ட ஈமெயில் எப்படிப் போச்சு சேர்?" என்று கேட்டார். வீட்டிலும் கேள்வி எழுந்துவிட்டது. செயலட்டை தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்.

எப்படிப் போனது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அவருடைய செயலட்டை ஒன்றை நோட்பேடில் திறந்தேன். புரியாத குறிகள் பக்கம் பக்கமாக ஓடின. அவற்றுக்கு நடுவே, பளிச்சென்று வாசிக்கக்கூடிய எழுத்தில், அவர் பெயரும் முகவரியும் இருந்தன.

இது தற்செயல் அல்ல. பீ.டி.எப் கோப்பிலும் படங்களிலும் உரிம விபரம் எழுதப்படுவது எக்ஸ்.எம்.பி என்ற முறையில். அடோபி நிறுவனம் 2001 இல் கொண்டுவந்தது, 2012 இல் சர்வதேச நியமமாகவும் ஆனது. அந்த விபரப் பொட்டலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் அடையாளக் குறி இருக்கும். கோப்பு எந்த வகை என்று தெரியாத ஒரு நிரல்கூட, வெறுமனே அந்தக் குறியைத் தேடி உள்ளே இருப்பதை வாசிக்கலாம். நல்ல நோக்கத்துக்காகவே அப்படி வடிவமைத்தார்கள். நூலகத்தின் நிரல் எவ்வளவு இலகுவாக வாசிக்குமோ, முகவரி திருடும் நிரலும் அவ்வளவு இலகுவாக வாசிக்கும். புகைப்படக்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: படங்களுக்கான மீதரவில் ஆக்கியவரின் மின்னஞ்சல், தொலைபேசி, விலாசம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்களே உண்டு. கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் தம்பிமார் சிலர் ஒரு தடவை கமெராவிலோ கணினியிலோ நிரப்பிவிட்டு மறந்து விடுகிறார்கள்.

சரி, இணையப் பக்கத்தில் நான் செய்த மறைப்பாவது உருப்படியானதா? பார்ப்போம்.

பக்கத்தில் மறைப்பதற்குப் பல வழிகள் உண்டு. @ குறிக்குப் பதிலாக "அட்" என்று எழுதுவது ஒன்று. நிரலில் @ என்று எழுதிவிடுவது இன்னொன்று; பார்ப்பவருக்கு @ ஆகத் தெரியும், @ குறியை மட்டும் தேடி வரும் நிரலுக்குத் தெரியாது. கிளவுட்பிளேயர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் பக்கங்களில் செய்வது இன்னும் சற்று நுட்பமானது. உயர்தர மாணவர்களுக்குத் தர்க்கப் படலைகளில் கற்பிக்கும் எக்ஸ்-ஓர் செயலைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணுடன் கலக்கிறார்கள். @ குறியின் எண் 64. சாவி எண் 42 என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் எக்ஸ்-ஓர் செய்யும்போது 106 கிடைக்கும். 106 ஐ மீண்டும் 42 உடன் எக்ஸ்-ஓர் செய்தால் 64 திரும்பி வந்துவிடும். வாசகரின் உலாவி அதைத்தான் செய்கிறது. ஆனால் உலாவிக்குச் சாவி தெரிய வேண்டுமே? ஆகவே மறைத்த சரத்தின் ஆரம்பத்திலேயே சாவி எண்ணையும் எழுதி வைத்திருப்பார்கள். பூட்டிலேயே சாவியைத் தொங்க விடுவது போலத்தான்.

இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜனநாயகத்துக்கும் தொழினுட்பத்துக்குமான நிலையம் என்ற அமைப்பு 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. புதிய முகவரிகளைத் திறந்து பல இடங்களில் போட்டு, எதற்குக் குப்பை அஞ்சல் வருகிறது என்று மாதக்கணக்கில் பார்த்தார்கள். வந்த குப்பையில் மிகப் பெரும் பகுதி, இணையப் பக்கங்களில் வெளிப்படையாகப் போட்ட முகவரிகளுக்கே வந்தது. மறைத்து எழுதிய முகவரிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. ஆனால் அது 2003. அன்றைய திருட்டு நிரல்கள் பக்கத்தின் நிரலை வாசித்து @ குறியைத் தேடின, அவ்வளவுதான். இன்று முழு உலாவியையே திரையில்லாமல் பின்னணியில் இயக்கி, ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்து முடித்த பின்னர் கிடைக்கும் பக்கத்தை வாசிக்கும் வசதி எல்லோரிடமும் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள்கூடச் செய்யலாம்.

உரிம விபரத்தைப் பொறுத்தவரை இந்த வழியில் ஒரு முரண்பாடும் உண்டு. மீதரவு எழுதுவதே கணினிகள் வாசிப்பதற்காக. உரிமம் தேடும் நல்ல நிரல்கள் பெரும்பாலும் பக்கத்தின் நிரலை அப்படியே வாசிப்பவை. ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்ப்பதில்லை. ஆகவே ஜாவாஸ்கிரிப்டால் மறைத்த முகவரி நல்ல நிரலுக்குக் கிடைக்காது, சிரமம் எடுக்கும் கெட்ட நிரலுக்குக் கிடைக்கும். நான் பெருமைப்பட்ட வேலை இவ்வளவுதான்.

இதற்கு ஒரு கெட்டித்தனமான தீர்வு இரண்டாயிரங்களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இணையத்தில் மனிதர்களையும் அவர்களுடைய தொடர்புகளையும் கணினிகள் வாசிக்கும்படி எழுதுவதற்காக டான் பிரிக்லியும் லிபி மில்லரும் 2000 இல் ஆரம்பித்த எப்.ஓ.ஏ.எப் என்ற திட்டத்தில் இருந்து வந்த யோசனை அது. முகவரியைப் போடாதே, முகவரியின் கைரேகையைப் போடு என்றார்கள். எஸ்.எச்.ஏ-1 என்றொரு கணிப்பு முறை உண்டு. அதற்குள் எந்த எழுத்துச் சரத்தைக் கொடுத்தாலும் 40 இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீடு வெளிவரும். இதை ஹேஷ் என்பார்கள். அதே முகவரிக்கு எப்போதும் அதே ஹேஷ். ஓர் எழுத்து மாறினாலும், கடைசியில் ஓர் இடைவெளி தவறி விழுந்தாலும், முற்றிலும் வேறு ஹேஷ். முக்கியமாக, ஹேஷிலிருந்து முகவரியைத் திருப்பிக் கணிக்க வழியில்லை. கோழியைக் கறியாக்கலாம், கறியைக் கோழியாக்க முடியாது.

இதன் அழகைப் பாருங்கள். ஒருவருடைய பத்து ஆக்கங்கள் பத்து இடங்களில் கிடந்தாலும், எல்லாவற்றிலும் ஒரே ஹேஷ் இருப்பதால் இவை ஒரே ஆளுடையவை என்று கணினி புரிந்துகொள்ளும். முகவரி வெளியே தெரியாது. யாராவது உரிமை கொண்டாடினால், உண்மையான ஆசிரியர் தன் முகவரியைச் சொல்லலாம். அதை ஹேஷ் ஆக்கிப் பார்த்தால் பொருந்தும். நான் இதைப் படித்த இரவு, விடை கிடைத்துவிட்டது என்று நிரலைத் திருத்தவும் ஆரம்பித்துவிட்டேன்.

நல்ல வேளையாக, வெளியிடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணித ஆசிரியன் என்பதால் வந்த பழக்கம்.

ஹேஷைத் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் திருப்ப வேண்டிய அவசியம் இல்லையே? முகவரியை ஊகித்து, ஊகத்தை ஹேஷ் ஆக்கி, ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எமது மின்னஞ்சல் முகவரிகள் எப்படி இருக்கின்றன? பெயர், தகப்பன் பெயர், பிறகு பிறந்த ஆண்டோ ஓர் இலக்கமோ, கடைசியில் ஜிமெயில் அல்லது யாஹூ. எமது சமூகத்தில் புழங்கும் பெயர்கள் எத்தனை? ஒரு வகுப்பில் மூன்று பாத்திமா, நான்கு முகம்மது இருப்பார்கள். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளையும் சேர்த்துத் தாராளமாக 2,000 என்று வைப்போம். தகப்பன் பெயருக்கும் 2,000. இலக்கங்களுக்கு 1,000. அஞ்சல் சேவைகள் 5. பெருக்கினால் 20 பில்லியன். கேட்கப் பெரிய எண். ஆனால் இளைஞர்கள் கேம் விளையாட வாங்கும் வரைகலை அட்டை ஒன்று செக்கனுக்கு ஒரு பில்லியனுக்கும் அதிகமான எஸ்.எச்.ஏ-1 ஹேஷ்களைக் கணிக்கும். ஆக, 20 செக்கன்களுக்குள் எல்லா ஊகங்களும் தீர்ந்துவிடும். ஆசிரியையின் பெயர் உரிம விபரத்திலேயே பக்கத்தில் எழுதியிருக்கிறதே. அதைத் தெரிந்தவனுக்கு 20 செக்கனும் தேவையில்லை, பழைய மடிக்கணினியே போதும்.

இது கற்பனைப் பயம் அல்ல. கிராவட்டார் என்ற சேவை, பயனர்களின் படங்களைக் காட்ட அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியின் ஹேஷைப் பயன்படுத்தியது, எம்.டி.5 என்ற இன்னும் பழைய முறை. 2020 ஒக்டோபரில் அந்தத் தளத்தின் விபரங்களைப் பெருமளவில் திரட்டக்கூடிய ஒரு வழியை ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். அதன்பின் 167 மில்லியன் பேரின் பெயர்களும் ஹேஷ்களும் திரட்டப்பட்டுக் கைமாறின. அவற்றில் 114 மில்லியன் ஹேஷ்களுக்குரிய முகவரிகள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. மூன்றில் இரண்டு பங்கு!

சிலர் சொல்வார்கள், எஸ்.எச்.ஏ-1 பழையது, 2017 இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனமும் அதை உடைத்துக் காட்டிவிட்டன, புதிய முறைக்கு மாறினால் சரி என்று. அது வேறு விடயம். 2017 இல் காட்டப்பட்டது, இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ஹேஷ் வரும்படி செய்யலாம் என்பது. எமது சிக்கல், முகவரி இலகுவாக ஊகிக்கக்கூடியது என்பது. எவ்வளவு புதிய முறைக்கு மாறினாலும் ஊகிக்கக்கூடியது ஊகிக்கக்கூடியதுதான். புனைபெயரில் எழுதுபவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: அவருடைய முகவரியை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும் ஒருவன், இந்தப் புனைபெயர் அவர்தானா என்று ஒரே ஒரு ஹேஷைக் கணித்து உறுதிப்படுத்திவிடலாம்.

ஹேஷைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், ஊகிக்க முடியாத ஒன்றை முகவரியுடன் சேர்க்க வேண்டும். உதாரணமாக, நீங்கள் மட்டும் அறிந்த, தொடர்பில்லாத ஏழெட்டுச் சொற்கள். முகவரியையும் அந்தச் சொற்களையும் சேர்த்து ஹேஷ் ஆக்கி வெளியிட்டுவிட்டு, சொற்களை ஒரு தாளில் எழுதி அலுமாரியில் பூட்டி வையுங்கள். பிணக்கு வந்தால் எடுத்துக் காட்டலாம். இதில் ஒரு வரம்பு இருக்கிறது: திருடுபவன் உங்கள் ஹேஷை நீக்கிவிட்டுத் தன்னுடையதைப் போடலாம். ஆகவே முதலில் எங்கே, எந்தத் திகதியில் வெளியிட்டீர்கள் என்ற பதிவும் கூடவே இருக்க வேண்டும். அது இருந்தால் ஹேஷ் இல்லாமலேயே பாதி வழக்கு முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் தேடிய பின்னர்தான் உரிமத்தின் முழு வாசகத்தை ஒழுங்காக வாசித்தேன். முதலிலேயே வாசித்திருக்க வேண்டும். 2013 இல் வந்த 4.0 பதிப்பு, ஆக்கியவரை அடையாளப்படுத்தும் விபரத்தை அவர் கேட்கும் நியாயமான விதத்தில் பேண வேண்டும் என்கிறது. புனைபெயரும் போதும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மின்னஞ்சல் எங்குமே கேட்கப்படவில்லை. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. நாம் என்ன அடையாள விபரத்தைக் கொடுக்கிறோமோ அதை மறுபகிர்வு செய்பவர்கள் நீக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதாவது, நான் அந்த ஆசிரியையின் முகவரியை உரிம விபரத்துக்குள் எழுதியதன் மூலம், நேர்மையாக நடக்கும் ஒவ்வொருவரும் அதைக் கூடவே சுமந்து செல்லும்படி செய்திருக்கிறேன். தன் பெயரை நீக்கும்படி ஆக்கியவர் பிற்பாடு கேட்டால், நடைமுறையில் இயன்ற அளவுக்கு நீக்க வேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் எத்தனை வட்ஸ்அப் குழுக்களில் போய்க் கேட்பது?

இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஆக்கியவர் பெயர் அவரவர் விருப்பம். முழுப் பெயர், முதலெழுத்துகள், புனைபெயர் எதுவாகவும் இருக்கலாம். தொடர்புக்கு மின்னஞ்சலுக்குப் பதிலாக எங்கள் பக்கத்தின் இணைப்பு. அங்கே ஒரு படிவம் இருக்கிறது. எழுதுபவரின் செய்தி குழுவின் பொது முகவரிக்கு வரும். தாக்குதல் அதிகமானால் படிவத்தை மூடிவிடலாம், முகவரியை மாற்றலாம், செயலட்டைக்குள் இருக்கும் இணைப்பு மாறாது. நிரலின் கடைசியில் ஒரு பரிசோதனையையும் சேர்த்திருக்கிறேன்: வெளியாகும் கோப்பின் விபரங்களில் @ குறி எங்காவது இருந்தால் அது கோப்பை வெளியிட மறுக்கும்.

பழைய கோப்பைத் திருத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீ.டி.எப் கோப்பில் பல மென்பொருட்கள் பழைய விபரத்தை அழிப்பதில்லை. புதியதை முடிவில் சேர்த்துவிட்டு, பழையதைக் கணக்கில் எடுக்காதே என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். பலரும் பயன்படுத்தும் எக்ஸிப்டூல்கூட, பீ.டி.எப் கோப்பில் அது செய்யும் மாற்றங்களை மீளப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் திருத்தினேன். நோட்பேடில் தேடினால் பழைய முகவரி உள்ளேயே கிடந்தது. ஆகவே மூல ஆவணத்திலிருந்து புதிதாக ஒரு பீ.டி.எப் உருவாக்குவதே பாதுகாப்பு. 40 செயலட்டைகளையும் அப்படி மீண்டும் உருவாக்க எனக்கு ஒரு நோன்பு விடுமுறை போனது.

பாடசாலை இணையத்தளங்களை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் இருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் மின்னஞ்சல் முகவரியும் தனிப்பட்ட தரவுதான். மாணவர் சஞ்சிகையைப் பீ.டி.எப் ஆக ஏற்றும்போது, அதைத் தட்டச்சு செய்த பிள்ளையின் பெயரும் முகவரியும் கோப்பின் பண்புகளுக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கோப்பைப் பீ.டி.எப் வாசிக்கும் மென்பொருளில் திறந்து ஆவணப் பண்புகளைப் பார்த்தால் ஆக்கியவர் பெயர் போன்றவை தெரியும்.

அந்த ஆசிரியை பழைய முகவரியை மூடிவிட்டார். நீண்ட நாட்களாக அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. சென்ற தவணையில் அவராகவே அமில காரப் பாடத்துக்கு ஒரு செயலட்டை அனுப்பினார். ஆக்கியவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. கூடவே ஒரு கேள்வி: "சேர், நோட்பேட்ல திறந்து பார்த்தீங்களா?"

பார்த்துவிட்டுத்தான் வெளியிட்டேன். அதே வாரம் தூரத்து ஊரொன்றின் பெற்றோர் குழுவிலிருந்து எங்கள் பழைய செயலட்டை ஒன்று எனக்கே திரும்பி வந்து சேர்ந்தது. நல்ல மனிதர் ஒருவர் நிபந்தனைப்படி ஒன்றையும் நீக்காமல் பகிர்ந்திருந்தார். திறந்து பார்த்தேன். மூடிய அந்த முகவரி உள்ளே அப்படியே இருந்தது.